சோடாபுட்டிப் பையனின் கண்ணாடி

போன சனிக்கிழமை மத்தியானம் நானும் அக்கா மகளும் கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேப்பரைக் கொளுத்தப் பார்த்தோம்.

கொழிஞ்சாம்பாறையில் 18 வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அவள் பி.ஏ. ஆங்கிலம். பாடத்தில் வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' இருக்கிறது. விமானம் விழுந்து ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட பள்ளிப் பையன்களின் கதை. அதில் பிக்கி என்று ஒரு குண்டுப் பையன். நம் ஊராக இருந்தால் சோடாபுட்டி என்றுதான் பட்டப்பெயர் விழுந்திருக்கும். அவன் கண்ணாடியை வெயிலில் பிடித்துத்தான் தீ மூட்டுகிறார்களாம்.

"அவனுக்கு என்ன பவர்?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

"கிட்டப்பார்வை மாமா."

"அப்படின்னா எரியாதே கண்ணு."

கண் பரிசோதிக்கும் லென்ஸ் பெட்டியான ட்ரயல் செட்டில் இருந்து, கிட்டப்பார்வைக்குப் போடும் மைனஸ் லென்ஸில் ஆறு எடுத்து வெயிலில் பிடித்தேன். பேப்பரில் நடுவே மங்கலாக ஒரு நிழல், சுற்றிலும் வெளிச்ச வளையம். அவ்வளவுதான். மைனஸ் லென்ஸ் வெளிச்சத்தைக் கூட்டாது, சிதறடிக்கும். அப்புறம் ப்ளஸ் பத்தை நாலு அங்குல உயரத்தில் பிடித்ததும் கறுத்த எழுத்தில் புகை வந்துவிட்டது. கோல்டிங் செய்த இந்தத் தப்பு ரொம்பப் பிரசித்தமாம், அவளே சொன்னாள். தெரிந்துகொண்டேதான் என்னை உட்கார வைத்திருக்கிறாள்.

சரி, தப்புச் செய்தவர் யார் என்று புத்தகத்தை வாங்கிப் படித்தேன். கோல்டிங் சால்ஸ்பரியில் பள்ளி வாத்தியார். பையன்கள் கூட்டமாகச் சேர்ந்தால் என்ன செய்வார்கள் என்று தினம் பார்த்தவர். நடுவில் கடற்படைக்குப் போய், 1944இல் நார்மண்டிச் சண்டையில் இருந்திருக்கிறார். புத்தகம் வந்தது 1954இல். அதே வருஷம் மார்ச்சில்தான் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. கதையிலும் வெளியே அணுகுண்டுச் சண்டை நடக்கிறது. கடைசியில் பையன்களை மீட்க வருவதும் போர்க்கப்பல்தான்.

தலைப்பில் இருக்கும் ஈக்களின் தலைவன் நம் தமிழ் பைபிளில் வரும் பாகால்சேபூப் என்ற அந்நிய தெய்வம். குச்சியில் செருகிய பன்றித் தலையில் ஈ மொய்க்கும் அந்தப் பக்கங்களை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு இடம். ராத்திரியில், பிரிந்துபோன கூட்டத்தின் தலைவன் ஜாக்கும் அவன் ஆட்களும் வந்து பிக்கியையும் கூட இருப்பவர்களையும் அடித்துவிட்டுப் போகிறார்கள். சங்கைப் பறிக்கத்தான் வந்தார்கள் என்று பிக்கி நினைக்கிறான். சங்கு வைத்திருப்பவன்தான் கூட்டத்தில் பேசலாம் என்பது அவர்கள் போட்ட சட்டம். ஆனால் சங்கை யாரும் தொடவே இல்லை. கண்ணாடியைத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தீ; பேச்சு இல்லை. நம் பக்கம் சாவு வீட்டில் ஊதுவது சங்கு. அந்த வரிகளைப் படிக்கையில் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது.

திங்கட்கிழமை ஆறாவது படிக்கும் பையன் ஒருவனை அம்மா கூட்டிவந்தார். ஒரு பக்கம் லென்ஸே இல்லை. "கீழ விழுந்துருச்சுங்க" என்றார். பையன் என்னைப் பார்க்கவில்லை. ஃப்ரேமின் கை வெளிப்பக்கமாகத் திருகியிருந்தது. கீழே விழுந்தால் அப்படித் திருகாது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மைனஸ் நாலரை என்று சீட்டில் எழுதிக்கொண்டு, வியாழக்கிழமை வரச் சொன்னேன்.