விடுபட்டுப்போகும் தொட்டி

தாவரங்களுக்கிடையேயான போட்டியை ஆராய விரும்பி மாணவர்கள் என்னிடம் காட்டும் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு தொட்டியில் ஒரு கடுகுச் செடி, இன்னொன்றில் ஒரு பச்சைப்பயற்றுச் செடி, மூன்றாவதில் இரண்டும் சேர்த்து. மூன்று வாரம் கழித்து உயரத்தை அளந்து, சேர்ந்து வளர்ந்த பயறு குட்டையாக இருந்தால் 'கடுகு பயற்றை வென்றது' என்று முடிவுரை எழுதிவிடலாம் என்பது ஏற்பாடு. மேலோட்டமாகப் படித்தால் இதில் குறை தெரியாது. மாணவனாக இருந்தபோது நான் செய்த முதல் சோதனையும் இதுவேதான் என்பதால், இப்படியொரு திட்டத்தைப் பார்க்கும்போது எனக்குச் சற்றுப் பரிவும் உண்டு.

ஆனால் பயறு நலிந்ததற்குக் காரணம் பக்கத்தில் கடுகு இருந்ததா, அல்லது ஏதோ ஒரு செடி கூடுதலாக இருந்ததா என்று கேட்டால் அந்த மூன்று தொட்டிகளிலும் விடை கிடையாது. கடுகு இருந்த இடத்தில் இன்னொரு பயறே இருந்திருந்தால் அது இதைவிட மோசமாகக்கூட நலிந்திருக்கலாம். ஒரே இனத்தைச் சேர்ந்த செடிகள் ஒரே ஆழத்தில் வேர்விட்டு, ஒரே காலத்தில், ஒரே சத்தைத் தேடுகின்றன அல்லவா? ஒரே இனத்தின் உயிர்களுக்கிடையே நடக்கும் போராட்டமே பெரும்பாலும் மிகக் கடுமையானது என்று டார்வின் 1859-இலேயே எழுதிவிட்டார். இரண்டு இனங்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழ முடியுமா என்ற கேள்வியும், தன் இனத்தால் ஒரு செடிக்கு நேரும் இழப்பு பிற இனத்தால் நேரும் இழப்பைவிடப் பெரியதா என்பதில்தான் தொங்குகிறது. ஆகவே பயற்றோடு பயறு மட்டும் வளரும் தொட்டி இல்லாத திட்டம், சூழலியல் கேட்கும் கேள்வியைக் கேட்காமலே கடந்துவிடுகிறது.

நான் பரிந்துரைப்பது ஐந்து வகைத் தொட்டிகள்: கடுகு ஒன்று, பயறு ஒன்று, கடுகு நான்கு, பயறு நான்கு, கடுகும் பயறும் இரண்டிரண்டு. கடைசி மூன்று வகைகளில் உள்ளதுபோல், செடிகளின் மொத்த எண்ணிக்கையை மாற்றாமல் விகிதத்தை மட்டும் மாற்றும் முறையை 1960-இல் நெதர்லாந்தின் வேளாண் ஆய்வாளர் டி விட் விரிவாக வகுத்தார். இதற்கும் வரம்பு உண்டு. ஒரே ஓர் அடர்த்தியில் கிடைத்த விடை வேறோர் அடர்த்தியில் மாறிப்போகலாம். மாணவர் சோதனைக்கு அந்த வரம்பு பொறுக்கத்தக்கதே. தனிச்செடித் தொட்டி போட்டி உண்மையில் நடந்ததா என்பதைச் சொல்லும்: நான்கில் ஒன்றாக வளர்ந்த செடியும் தனியாக வளர்ந்த செடியும் ஒரே எடையில் இருந்தால், தொட்டி பெரிதாகிவிட்டது அல்லது அறுவடை முந்திவிட்டது என்று பொருள். தொட்டி மிகச் சிறிதானாலும் தொல்லைதான். வேர் சுவரில் முட்டிச் சுருண்டுகொண்டால் போட்டியை அளக்கிறோமா, தொட்டியின் நெருக்கடியை அளக்கிறோமா என்று பிரித்தறிய முடியாது.

கணக்கு எளியது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, நான்கு கடுகு சேர்ந்து 4 கிராம் உலர் எடை தருகின்றன என்றும், கலப்புத் தொட்டியின் இரண்டு கடுகு 2.6 கிராம் தருகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். பாதிச் செடிகளுக்கு 2 கிராம், அதாவது நான்கு கடுகுத் தொட்டியின் எடையில் 0.5 பங்கு எதிர்பார்த்திருப்போம்; கிடைத்ததோ 0.65 பங்கு. பயறும் அதேபோல் நான்கு பயற்றுத் தொட்டியோடு ஒப்பிடுகையில் 0.35 பங்கு தந்தால் கூட்டுத்தொகை 1. அதாவது இரண்டும் ஒரே வளத்தைப் பங்கிட்டுக்கொண்டன, அதில் கடுகுக்குப் பெரும்பங்கு போயிற்று. கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டினால் இரண்டும் வெவ்வேறு வளங்களை எடுத்தன, அல்லது ஒன்று மற்றொன்றுக்கு உதவியது என்று ஐயுறலாம். பயறு வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவின் துணையோடு காற்றின் நைட்ரஜனைப் பெறும் செடி என்பதால், கடுகோடு அதைச் சேர்க்கும்போது இந்த வாய்ப்பு வெறும் ஏட்டுக்கணக்கு அன்று. (கடுகுக் குடும்பச் செடிகள் வெளியிடும் வேதிப்பொருள்கள் அண்டைச் செடிகளைத் தடுக்கக்கூடும் என்பதால், பயறு நலிந்தால் அதை வளத்துக்கான போட்டி என்று உடனே அடித்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.)

அளப்பதற்கு உயரத்தை நம்பவேண்டாம். இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அண்டைச் செடியிலிருந்து வரும் அந்த ஒளியைப் பைட்டோகுரோம் என்ற நிறமியால் உணரும் செடி, நிழல் தன்மேல் விழுவதற்கு முன்பே தண்டை நீட்டத் தொடங்குகிறது. நெருக்கமான தொட்டிக்கு மேல் குனிந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: வெளிறிய மெல்லிய தண்டு, கணுக்களுக்கிடையே நீண்ட இடைவெளி, நுனியில் சிறு இலைகள். அளவுகோலை வைத்தால் அதுவே வெற்றி பெற்ற செடி. தராசில் வைத்தால் தோற்ற செடி. எனவே தண்டை மண் மட்டத்தில் வெட்டி, காகித உறையிலிட்டு, 70 டிகிரி செல்சியஸில் இரண்டு நாள் உலர்த்தி, அடுத்தடுத்து இருமுறை நிறுத்தும் எடை மாறாதபோது குறித்துக்கொள்ள வேண்டும். வேரையும் எடைபோட ஆசைப்படுவோர் ஒரு முறையாவது முயன்று பார்க்கட்டும். வாளி நீரில் மண்ணைக் கரைத்தபின் கையில் எஞ்சுவது ஒரே சடை, அதில் எந்த இழை கடுகுடையது, எது பயற்றுடையது என்று பிரிப்பதற்குள் பாதி அறுந்துவிடும்.

விதைப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. பயற்று விதை கடுகு விதையைவிடப் பல மடங்கு கனமானது. அதன் நாற்று பெரிய முதலோடு தொழில் தொடங்குகிறது. போதாக்குறைக்கு ஓரிரு நாள் முந்தியும் முளைத்துவிட்டால், முந்திய செடி நிழலிட்டு மற்றதை அமுக்கிவிடும், சோதனையின் முடிவு முதல் வாரத்திலேயே எழுதப்பட்டுவிடும். ஈரத்துணியில் தனித்தனியே முளைக்கவைத்து, ஒரே நாளில் முளைவிட்டவற்றை மட்டும் எடுத்து நடுவதே பாதுகாப்பு.

என் முதல் சோதனை கெட்டது வேறோர் இடத்தில். கலப்புத் தொட்டிகள்தான் முக்கியம் என்று எண்ணி, நன்றாகத் தெரியட்டுமென்று அவற்றையெல்லாம் சன்னலோரம் வைத்தேன். செடிகள் செழித்தன, 'கலந்து வளர்வது நன்மை' என்று மகிழ்ச்சியோடு எழுதினேன். வெளிச்சத்தின் வேலை அது என்பதை அறிக்கையைப் படித்த ஆசிரியர் ஒரே வரியில் சுட்டிக்காட்டினார். புள்ளியியலாளர் ஃபிஷர் 1920-களில் வயல் சோதனைகளுக்காக வகுத்த ஏற்பாடே இதற்கு மருந்து: சன்னலுக்கு இணையாக ஆறு வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து வகையிலும் ஒவ்வொரு தொட்டி, வரிசைக்குள் எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கல் முடிவு செய்யும். மொத்தம் 30 தொட்டிகள். ஒரே வகையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் ஒவ்வொரு தனி அலகையும் மறுபடி என்போம்; இங்கே அது தொட்டியே. ஒரு தொட்டியிலுள்ள நான்கு செடிகளை நான்கு மறுபடிகளாக எண்ணுவது, 1984-இல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் பெயரிட்டுக் கண்டித்த போலி மறுபடி.

இத்தனையும் சரியாகச் செய்தபின்னும் 'கடுகு வென்றது' என்ற வாக்கியம் அரைகுறைதான். ஆங்கிலேயத் தாவரவியலாளர் டான்ஸ்லி 1917-இல் வெளியிட்ட சோதனையில், காலியம் என்ற செடிப் பேரினத்தின் இரண்டு இனங்களும் அமில மண்ணிலும் சுண்ணாம்பு மண்ணிலும் தனியாக வளரவே செய்தன. சேர்த்து விதைத்தபோது அந்தந்த மண்ணுக்குரிய இனமே மேலோங்கியது. அதனால் நைட்ரஜன் உரமிட்ட மண், இடாத மண் என இரண்டிலும் இதைச் செய்யலாமா என்று மாணவர்கள் கேட்டால் நான் தடுப்பதில்லை, ஆனால் தொட்டிகள் 60 ஆகிவிடும். அவ்வளவுக்கு இடமில்லையென்றால், முன்னோட்டமாகச் சில தொட்டிகளில் போட்டி நடப்பதை உறுதிசெய்துகொண்டு, தனிச்செடித் தொட்டிகளைக் கைவிடச் சொல்வேன். மூன்று வகை, ஆறு வரிசை, இரண்டு மண் என 36 தொட்டிகளில் வேலை முடிந்துவிடும். மறுபடிகளைக் குறைக்க மாட்டேன், நான்கு பயறு மட்டும் வளரும் தொட்டியைத் தொடவும் விடமாட்டேன்.