கவுட் வந்தவரிடம் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்காதீர்கள்

என் அண்ணன் மதுவைத் தொடாதவர். இறைச்சியும் எப்போதாவதுதான். அவருக்குக் கவுட் என்ற மூட்டு நோய் வந்து, கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடித்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "அப்படி என்னத்தைச் சாப்பிட்டாய்?" என்றுதான் கேட்டார்கள். வலியில் கிடப்பவரைக் குற்றவாளியாக்கும் அந்தக் கேள்வி எனக்குப் பொறுக்கவில்லை.

கவுட்டுக்குக் காரணமான யூரிக் அமிலம் சாப்பாட்டால் மட்டும் வருவதில்லை. உடலின் செல்கள் அழிந்து புதிதாகும்போது அவற்றிலுள்ள பியூரின்கள் என்ற பொருட்கள் சிதைந்து கடைசியில் யூரிக் அமிலமாகின்றன. உடலில் சேர்வதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இப்படி உள்ளேயே உண்டாவதுதான். பெரும்பாலான பாலூட்டிகளிடம் அதை மேலும் சிதைக்க யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது. மனிதர்களுக்கு அது இல்லை. நம் இனம் தோன்றும் முன்பே அந்த மரபணு செயலிழந்துவிட்டது.

ஆக, எல்லார் ரத்தத்திலும் யூரிக் அமிலம் உண்டு. அதில் பெரும்பகுதியைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியேற்றுகின்றன. கவுட் வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிக்கலே இங்கேதான். வடிகட்டிய யூரிக் அமிலத்தில் சுமார் 90 சதவீதத்தைச் சிறுநீரகம் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுப்பது கொஞ்சம் கூடினாலும் ரத்தத்தில் தேங்க ஆரம்பித்துவிடும். யாருக்கு எவ்வளவு தேங்கும் என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் அப்பாவுக்கும் இதே நோய் இருந்தது.

அண்ணன் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ரத்த அழுத்தத்துக்காக, சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் தயசைடு வகை மாத்திரை சாப்பிட்டுவந்தார். அந்த வகை மாத்திரை யூரிக் அமிலத்தைத் தேக்கும். மருத்துவர் அதை நிறுத்திவிட்டு லோசார்டன் கொடுத்தார்; அது ரத்த அழுத்தத்தோடு யூரிக் அமிலத்தையும் ஓரளவு குறைக்கும். (இப்படி மாற்றுவதை நீங்களாகச் செய்யாதீர்கள்.)

உடலின் வெப்பத்தில், ரத்தத்தில் டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் யூரிக் அமிலம் கரைந்து நிற்பது கடினம். மூட்டுகளில் ஊசி ஊசியாகப் படிகமாகலாம். உடலின் நடுப்பகுதியைவிடக் கால்விரல் குளிர்ச்சியானது, அதனால் அங்கே படிவது சுலபம். அந்தப் படிகங்களை வெள்ளையணுக்கள் தாக்கும்போதுதான் வலியும் வீக்கமும் வருகின்றன. அளவு கூடியவர்களில் பலருக்குக் கவுட் வருவதே இல்லை என்பதும் உண்மை. வலி உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருப்பதாகவும் வரலாம். அதைப் பார்த்துவிட்டு "கவுட் இல்லை" என்று முடிவுகட்டக் கூடாது.

சாப்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. பீர், ஈரல், சில கடல் மீன்கள் ஏற்கெனவே கூடியிருப்பதை இன்னும் ஏற்றும். இனிப்பு பானங்களும் அப்படித்தான். அவற்றிலுள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையை நம் ஈரல் கையாளும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. ஆனால் பருப்பையும் கீரையையும் பிடுங்கிக்கொள்வது வீண் கொடுமை. அவற்றில் பியூரின் இருந்தாலும், அவற்றால் கவுட் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

அண்ணன் இப்போது யூரிக் அமிலம் உண்டாவதைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை சாப்பிடுகிறார். அளவை 6-க்குக் கீழே வைத்திருப்பதுதான் இலக்கு. ஆரம்ப மாதங்களில், பழைய படிகங்கள் கரையும்போது, வலி திரும்ப வந்தது. மருந்து வேலை செய்யவில்லையென்று நினைத்துப் பலரும் அந்தக் கட்டத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவர் இதை முன்பே சொல்லி, அந்த வலியைத் தடுக்கும் கோல்ச்சிசின் மருந்தும் சேர்த்துக் கொடுத்திருந்ததால் அண்ணன் நிறுத்தவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது கவுட் இருந்தால், தட்டைப் பார்க்கும் முன் அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பாருங்கள். அப்பா அம்மாவுக்கு இருந்ததா என்றும் கேளுங்கள்.