ஊருக்குள் ஓடும் டாக்சிக்கு டீசலா, பெட்ரோலா?

புதுச்சேரியில் புதிதாக டாக்சி போடுகிறவர்கள் எல்லோரும் முதலில் பேசுவது லிட்டர் விலையும் மைலேஜும்தான். வண்டி தினமும் எங்கே ஓடப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

டாக்சி என்றால் டீசல்தான் என்று இருந்த பேர் சும்மா வந்ததில்லை. காற்றை நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிற இன்ஜின் அது, வேலை குறைந்தால் டீசலும் குறைவாகத்தான் உள்ளே போகும், அதனால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போனாலும் பெட்ரோல் வண்டி அளவுக்குக் குடிக்காது. 2014 அக்டோபர் வரை விலையையும் அரசு பிடித்து வைத்திருந்தது.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது, கணக்கு மாறிவிட்டது. இப்போது டீசல் வண்டியின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று, புகையில் வரும் கரியைப் பிடிக்கிற ஒரு வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து போக 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். இசிஆரில் சென்னைக்குப் போகிற வண்டிக்குப் பிரச்சினையே இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஏற்றி ஒயிட் டவுனில் இறக்கிவிட்டு, ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் நின்று நின்று ஜிப்மருக்குப் போகிற வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசலை அடிக்கும், பாதியில் வண்டியை அணைத்தால் அதில் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும், மோந்தால் டீசல் வாடை அடிக்கும். அப்படி நீர்த்த ஆயிலில் ஓடினால் டர்போவும் பேரிங்கும் தேயும்.

மாருதி அந்த ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆகவே லோக்கல் சவாரிக்குச் சின்ன பெட்ரோல் வண்டி, முடிந்தால் கம்பெனியிலேயே சிஎன்ஜி காஸ் வைத்தது. தினமும் ஏர்போர்ட் டிராப், வெளியூர் சவாரி என்று ஓடுபவர்கள் இன்னோவா மாதிரி டீசல் எடுக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2012லேயே வகைப்படுத்திவிட்டது. ஏசி போட்டபடி நிற்கும் பழைய டீசல் வண்டிகளின் நடுவே நாள் முழுக்க நிற்பது நம் டிரைவர்கள்தான், இதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதே இல்லை.

சரி, கையில் ஏற்கெனவே பிஎஸ்6 டீசல் இருந்தால்? டிபிஎஃப் விளக்கு எரிந்ததும் இசிஆரில் காலாப்பட்டு தாண்டி ஒரே சீராக ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். யார் சொன்னாலும் வடிகட்டியை வெட்டி எடுக்காதீர்கள். ஆயில் மாற்றும்போது டிபிஎஃப் வண்டிக்கான, சாம்பல் குறைவான ஆயில்தானா என்று டப்பாவைப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.