கடைசியில் இருந்த 2

"நீங்கள் எதுவும் எழுதாமல் கொடுத்திருந்தால் என் பையன் அதைத் தொட்டிருக்கவே மாட்டான், தம்பி."

அக்கா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு மறந்திருப்பேன். பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயப்பட்டறை ஸ்டோரில் இருந்தால் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். கழிப்பறை கழுவ ஆசிட், அடைத்த குழாய்க்குக் காஸ்டிக். நான் கொடுப்பதில்லை. அக்காவுக்குக் கொடுத்தேன். மகனின் பள்ளிச் சட்டை பழுப்பேறிவிட்டது என்றார். கிரே துணி, அதாவது வெளுக்காத துணி, பெராக்சைடு என்ற வெளுப்புத் திரவத்தில் வெந்து பால்போல வெளியே வருவதைத் தினமும் பார்க்கிறவர். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் எனக்குச் சோறு கட்டிக்கொண்டுவந்தவரும் அவர்தான். எப்படி மறுப்பது?

அரை லிட்டர், 50 சதவீத வீரியம், குடிதண்ணீர் பாட்டிலில். ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடி போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பையன் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்றெல்லாம் சொன்னேன். தண்ணீர் பாட்டிலில் ஊற்றுவது தவறு என்று அப்போதே மனம் சொல்லியது. அதைச் சரிக்கட்டத்தான் பழைய லேபிளைக் கிழித்துவிட்டு பெராக்சைடின் ஃபார்முலாவை மார்க்கரால் பெரிதாக எழுதினேன்: எச்2ஓ2 - 50%. இந்தப் பட்டறையில் பெயர் எழுதாமல் ஒரு சொட்டும் வெளியே விடாதவன் நான் ஒருவன்தான் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பையன் ஏழாம் வகுப்பு. தண்ணீருக்கு எச்2ஓ என்று படித்திருக்கிறான். கடைசியில் இருந்த 2 எதற்கு என்று அக்கா பிறகு கேட்டபோது, "இரண்டாவது பாட்டில் என்று நினைத்தேன்" என்றானாம்.

பெராக்சைடைப் பார்த்தால் தண்ணீர்தான். நிறம் கிடையாது, மணமும் சொல்லும்படி இல்லை. எங்களுக்கு வரும் கேனின் மூடியில் காற்றுப்போக்கி இருக்கும். தானாகப் பிரிந்து உண்டாகும் ஆக்சிஜன் அது வழியாகப் போய்விடும். தண்ணீர் பாட்டிலுக்கு அது ஏது? தகரக் கூரைக்குக் கீழே நான்கு நாள் இருந்து, பாட்டில் வயிறு உப்பிப்போயிருக்கிறது. தாகத்துக்கு எடுத்தவன் மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று சீறி விரல்களில் தெறித்திருக்கிறது. எறும்பு கடித்தாற்போல் எரிச்சல், விரல் நுனி சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளை. அக்கா ஓடிவந்து கையைக் குழாயடியில் பிடித்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் நிறம் திரும்பிவிட்டது.

அந்தச் சீறல்தான் அவனைக் காப்பாற்றியது. நான் எழுதியது அல்ல.

ஆனால் நான் எழுதியதில் பிழை என்ன? அடுத்த சில நாட்கள் இதே வாதம்தான் மண்டைக்குள். போபாலில் 1984-இல் நடந்ததற்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள்: கையாளும் பொருளின் ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்லியே ஆக வேண்டும். இதைப் பயிற்சி வகுப்பில் நடத்துகிறவனே நான்தான். ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில் 16 பகுதிகள். ஏழாவது, கையாள்வதும் சேமிப்பதும். காற்றுப்போக்கி உள்ள மூடி வேண்டும் என்பதை வகுப்புக்கு வகுப்பு நானே வாய்விட்டு வாசித்திருக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கேனில் 2014 என்று அச்சிட்டிருக்கும். அந்த வீரியமுள்ள பெராக்சைடுக்கு ஐ.நா. பட்டியலில் உள்ள எண் அது, உலகம் முழுக்க ஒன்றே. ஒடிசாவிலிருந்து வந்த லோடுமேன் ஒருவர் அதைக் காட்டி, "2014-ஆம் வருடச் சரக்கா? காலாவதியாகியிருக்காதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். உரக்கச் சிரித்தது நான்தான்.

அக்கா சொன்னதற்கு வருகிறேன். அவர் வீட்டுக்காரர் வயலுக்கு மருந்து அடிக்கிறவர். சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் போட்ட டப்பாவைப் பையன் சிறுவயதிலிருந்தே தொடமாட்டான். பெயர் இல்லாத பாட்டிலையும் தொடாதே என்று சொல்லி வளர்த்திருக்கிறார். அந்த வீட்டில் ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருந்தது. நான் எழுதியது அதைக் குலைத்தது. இது நியாயமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அப்படியென்றால் எழுதாமல் கொடுத்திருக்க வேண்டுமா? எந்த ஆய்வாளரிடமும் இதைச் சொல்ல முடியாது.

தமிழில் 'விஷம்' என்று ஏன் எழுதவில்லை என்று என்னையே கேட்டேன். பெராக்சைடு விஷம் இல்லை, வீரியம் குறைத்துப் புண் கழுவ மருந்துக்கடையிலேயே விற்கிறார்கள் என்று ஒரு பதில் உடனே வந்தது. வீரியம் குறைத்ததற்கு அது சரியான பதில்தான். ஆனால் 'ஆபத்து, குடிக்காதே' என்றாவது எழுத எத்தனை நொடி ஆகும்? அதை எழுதியிருந்தால் பாட்டிலை நீட்ட எனக்குக் கை வந்திருக்காது. ஃபார்முலா எழுதியதால் கொடுக்க முடிந்தது.

பிறகு ஒரு வேகத்தில் ஸ்டோரில் இருந்த எல்லாவற்றிலும் சிவப்புத் தாளில் 'ஆபத்து' என்று ஒட்டினேன். துணி நனைக்கிற சோப் ஆயிலுக்கும் சேர்த்து. இரண்டே வாரத்தில் யாரும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பாதியை நானே கிழித்தேன். எதைக் கிழிப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ததும் நான்தான். அந்தத் தாள்களைப் படிக்க வேண்டியவர்கள் யாரையும் கேட்கவில்லை. அக்காவிடமாவது கேட்டிருக்கலாம்.

அவர் இப்போதும் சோறு கொண்டுவருகிறார், பேசுகிறார், மீண்டும் எதுவும் கேட்டதில்லை. காலையில் ஷிப்டுக்கு வரும்போது பையன் சைக்கிளில் எதிரே போவான். சட்டை நன்றாகத்தான் வெளுத்திருக்கிறது.