பம்ப் காட்டும் எண்ணும் உடலுக்குச் சேரும் ரத்தமும்

இதயத்தின் இடது கீழறை மிகவும் தளர்ந்துபோனவர்களுக்கு உடலுக்குள் பொருத்தப்படும் எல்.வி.ஏ.டி. (இடது கீழறைத் துணைக் கருவி) என்னும் பம்ப், கீழறையின் நுனியிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி, ஒரு குழாய் வழியாகப் பெருந்தமனிக்கு நேரே அனுப்புகிறது. 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹார்ட்மேட் 2, அதன் பின்வந்த ஹார்ட்மேட் 3 ஆகிய இரண்டுமே இடைவிடாமல் சுழன்று ரத்தத்தைச் செலுத்துபவை. பல உயிர்களை நீட்டித்த இந்தக் கருவியோடு வாழ்பவர்களும் அவர்கள் வீட்டாரும், இடது கீழறைக்கும் பெருந்தமனிக்கும் இடையே கதவுபோல் இருக்கும் பெருந்தமனி வால்வின் கசிவைப் பற்றி அவசியம் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

கீழறையின் ரத்தத்தைப் பம்ப் எடுத்துக்கொண்டே இருப்பதால், வால்வைத் திறக்கும் அளவுக்கு அங்கே அழுத்தம் எழுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் திறந்து மூடவேண்டிய வால்வு பலருக்கு மூடியே கிடக்கிறது. மேலிருந்து பெருந்தமனியின் அழுத்தமோ ஓய்வின்றி அதன் மீது அழுந்துகிறது. மாதங்கள் செல்லச் செல்ல இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உருக்குலைந்து, தமனியின் அடிப்பகுதியும் விரிந்து, கசிவு தொடங்குகிறது. இறைத்த நீர் வயலுக்குப் போகாமல் கிணற்றுக்கே வடிவதுபோல், பம்ப் அனுப்பிய ரத்தத்தில் ஒரு பகுதி கீழறைக்கே திரும்பி, மீண்டும் பம்புக்குள் நுழைகிறது.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது இதுதான்: மோட்டாரின் வேகத்தையும் அது இழுக்கும் மின்சாரத்தையும் கொண்டு கணிக்கப்படும் ரத்த ஓட்ட அளவில், இப்படிச் சுற்றிவரும் ரத்தமும் சேர்ந்துவிடுகிறது. திரையில் எண் நன்றாக இருக்கும்; நோயாளிக்கோ மூச்சு வாங்கும், கால் வீங்கும். வேகத்தைக் கூட்டினால் கசிவும் கூடக்கூடும். ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையிலும் எச்சரிக்கை தேவை. இதயம் விரியும் வேளையில் மட்டும் கசியும் வால்வுக்காக வகுத்த அளவுகோல்கள், துடிப்பு முழுவதும் கசியும் இந்த வால்வின் பாதிப்பைக் குறைத்துக் காட்டக்கூடும்.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள மைட்ரல் வால்வின் கசிவு பெரும்பாலும் பம்ப் பொருத்திய பின் தானே குறைகிறது. ஆனால் பெருந்தமனி வால்வு ஏற்கெனவே கணிசமாகக் கசிந்தால், பம்ப் பொருத்தும்போதே இதழ்களின் நடுவில் தையல் போடுகிறார்கள், அல்லது திசு வால்வு வைக்கிறார்கள். பின்னாளில் கசிவு தோன்றினால், சராசரி ரத்த அழுத்தத்தை 90 மி.மீ. பாதரச அளவுக்கு மேல் போகவிடாமல் காப்பதும், வால்வு அவ்வப்போது திறக்குமாறு எக்கோவைப் பார்த்துக்கொண்டே வேகத்தைச் சரிசெய்வதும் முதல் வழிகள். முற்றிய நிலையில் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் செலுத்தி அதன் வழியாகப் புதிய வால்வு வைக்கலாம். ஆனால் இந்த வால்வுகளில் பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு இல்லாததால் அதற்குப் பிடிமானம் குறைவு, இடம் நழுவும் ஆபத்தும் உண்டு.