ஏன் 2 மி.மீ.?
எங்கள் பம்ப் ஷாஃப்ட் டிராயிங்கில், பேரிங் உட்காரும் மூலையின் வளைவுக்கு ரேடியஸ் 2 மி.மீ. என்று இருக்கும், ஏன் 2 என்று எங்கேயும் இருக்காது. அதைப் போட்ட சார் ரிட்டயர் ஆகிவிட்டார். அந்த வளைவில் இடித்து பேரிங் முழுதாக உட்காரவில்லையே என்று நான் அதை 0.5 ஆக்கினேன், அப்ரூவலும் வாங்கினேன், டெஸ்ட்டில் சரியாக அதே மூலையில் ஷாஃப்ட் விரிசல் விட்டது. மூலை கூர்மையானால் ஸ்ட்ரெஸ் அங்கேதான் குவியும், கல்லூரியில் படித்ததுதான், சரி விடுங்கள்.

சாருக்கு போன் போட்டேன். “நடுவில் ஒரு ஸ்பேசர் வளையம் வருமே தம்பி, அதை யார் எடுத்தது?” என்றார். அந்த வளையம் இருந்தால் பேரிங் மூலையிலிருந்து தள்ளி உட்காரும், 2 மி.மீ. வளைவில் இடிக்காது.

டொயோட்டாவில் பிரச்சினை, காரணம், தீர்வு எல்லாவற்றையும் ஒரே ஏ3 தாளில் அடக்குவார்கள். எங்களிடம் தலையணை கனத்துக்கு டிசைன் மேனுவல் இருக்கிறது, வளையத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இப்போது டிராயிங்கில் மாற்றங்களை எழுதும் ரிவிஷன் டேபிளில் ‘ஏன்’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். பாதிப் பேர் அதில் ‘மேனேஜர் சொன்னார்’ என்று எழுதுகிறார்கள்.