அரைஞாண் கொடியை அறுத்துவிட்டு எடுத்த ஸ்கேன்

போன ஐப்பசியில் ஒருநாள் காலை டீ டம்ளரை எடுக்கப் போனேன், வலது கை விரல்கள் பிடிக்கவில்லை. வேட்டியெல்லாம் டீ. "துணி எடு" என்று சொல்ல வாயெடுத்தால் குழறலாக வருகிறது. பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் எல்லாம் சரியாகி, சட்டைப் பொத்தானைக்கூட நானே போட்டுக்கொண்டேன். பக்கத்துக் கிளினிக்கில் வாயு என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார்கள். எனக்கும் அதை நம்புவதுதான் வசதியாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு வந்த மைத்துனன், "அத்தான், கிளம்புங்க, இதுல பேச்சே கிடையாது" என்று காரில் ஏற்றி வீரவநல்லூரிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டான்.

நரம்பியல் டாக்டர் முதலில் திட்டினார். இப்படி வந்து மறைந்த பிறகு பெரிய ஸ்ட்ரோக், அதாவது பக்கவாதம், வருவதானால் முதல் இரண்டு நாளில்தான் அபாயம் ரொம்ப அதிகமாம். அதில் ஒன்றரை நாளை நான் வாயு மாத்திரையில் கழித்திருக்கிறேன்.

சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. கழுத்து ரத்தக்குழாயைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் சுத்தம். சரி, வீட்டுக்குப் போகலாம் என்று செருப்பைத் தேடினேன். "இருங்க அண்ணாச்சி, கழுத்தைத்தான் பார்த்திருக்கு, மண்டைக்குள்ள போற குழாயைப் பார்க்கலையே" என்றார். வெள்ளைக்காரர்களைவிட நம் ஆசியாக்காரர்களுக்கு மூளைக்குள் ஓடும் குழாய்களில் கொழுப்புப் படிவது அதிகமாம். கழுத்து நன்றாக இருப்பதை வைத்துத் தலையை முடிவு செய்ய முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் புதுப் பிரச்சினை. மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றியாச்சு, இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி மட்டும் அசையவில்லை. கல்யாணத்துக்கு முன்னே போட்டது, கொக்கி இறுகிப் போயிருந்தது. அதோடு உள்ளே விடமாட்டோம் என்கிறார் டெக்னீஷியன். "அறுக்கக் கூடாதுங்க" என்று என் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர். கடைசியில் கட்டிங் பிளேயரால் வெட்டினார்கள். டக்கென்று ஒரு சத்தம், இடுப்பு லேசாகிவிட்டது. உள்ளே மெஷின் சத்தம் எங்கள் தெருத் தறி மாதிரியே அடித்துக்கொண்டிருந்தது. பாதியில் தூங்கிவிட்டேன் என்றால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

படத்தில் மூளையின் இடது பக்கம் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி. ஆக, கை சரியானாலும் வந்தது சின்ன ஸ்ட்ரோக்தான். அதே மெஷினில் ஊசி போடாமலே எடுத்த ரத்தக்குழாய்ப் படத்தில், எம்.சி.ஏ. என்கிற நடு மூளைத் தமனி ஓரிடத்தில் நூலாகத் தெரிந்தது. ஆனால் இந்த வகைப் படம் அடைப்பைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் க்ரியாட்டினின் பார்த்துவிட்டு, சுகர் மாத்திரை மெட்ஃபார்மினை நிறுத்திவைத்து, அயோடின் மருந்து ஏற்றி சி.டி. ஆஞ்சியோ எடுத்தார்கள். மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவி, வேட்டியிலேயே போய்விட்டோமோ என்று தோன்றும். போகவில்லை, பயப்படாதீர்கள். சுருக்கம் 60 சதவீதம் என்று வந்தது.

அப்புறமும் ஒரு ஸ்கேனா என்று எனக்கு எரிச்சல். டாக்டர் விளக்கியதை நான் கன்னடியன் கால்வாயை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். இதுவரை எடுத்ததெல்லாம் தண்ணீர் எவ்வளவு அகலத்தில் ஓடுகிறது என்று காட்டும் படம். கரையில் என்ன படிந்திருக்கிறது, அது பழைய கெட்டி மண்ணா, இப்போது சரிகிற மண்ணா என்பது அதில் சரியாகத் தெரியாது. அதைப் பார்க்க குழாயின் சுவரையே படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. இருக்கிறது, 3 டெஸ்லா என்கிற அதிகக் காந்தசக்தி மெஷின் வேண்டும், எல்லா இடத்திலும் செய்வதில்லை, எல்லோருக்கும் அவசியமும் இல்லை. எனக்குக் காடோலினியம் என்ற, படத்தைத் தெளிவாகக் காட்டும் மருந்தை ஊசியில் போட்டு எடுத்ததில், சுவரின் ஒரு பக்கம் மட்டும் தடித்து மினுங்கியது. சுவர் முழுக்கச் சுற்றி ஒரே சீராகத் தடித்திருந்தால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்குமோ என்று தேடுவார்களாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் கொழுப்புப் படிவுதான். மருந்தை உறிஞ்சி மினுங்கினால் அது இன்னும் அடங்காத படிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

"நெஞ்சுல வைக்கிற மாதிரி ஸ்டென்ட், அதான் குழாயை விரிச்சு வைக்கிற கம்பிவலை, வச்சிடலாமே சார்?" மைத்துனன்தான் கேட்டான். 2011இல் வெளிவந்த சாம்ப்ரிஸ் என்ற அமெரிக்க ஆய்வைச் சொன்னார் டாக்டர். 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவர்களிடமே, ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்துக்குள் ஸ்ட்ரோக்கோ மரணமோ வந்திருக்கிறது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.8 சதவீதம். அதற்கப்புறம் மைத்துனன் வாயைத் திறக்கவில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் மூன்று மாதம், பிறகு ஆஸ்பிரின் மட்டும். எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 70க்குக் கீழே இறங்க ஸ்டாட்டின் மாத்திரை, இரவில். பீடியை அன்றைக்கே விட்டேன், அது தனிக் கதை, அதை எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அறுத்த கொடியை ஆசாரியிடம் கொடுத்துப் பற்ற வைத்துத் தருகிறேன் என்றேன். மனைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெறும் கறுப்புக் கயிற்றைக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டாள்.